குழந்தையின் வழக்கு யார் கையில்?

இந்தியாவில் ஒருவரை நீதிபதியாக நியமிக்கும்போது சட்டம் பொதுவாக அவருடைய வயதையும் படிப்பையும் அனுபவ ஆண்டுகளையும்தான் கேட்கும். அவர் எப்படிப்பட்ட மனிதர், எந்த வேலைக்கு ஏற்ற மனம் படைத்தவர் என்ற கேள்விக்குள் அது நுழைவதில்லை. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் இதற்கு ஓர் அரிய விதிவிலக்கு. ஏழாண்டு நீதித்துறைப் பணி அல்லது ஏழாண்டு உயர் நீதிமன்ற வழக்கறிஞர் அனுபவம் என்ற வழக்கமான தகுதியைச் சொன்ன கையோடு, அதன் 4ஆவது பிரிவு மேலும் ஒரு படி போகிறது. திருமணம் என்ற அமைப்பைக் காப்பதில் பற்றும் குழந்தைகளின் நலனில் அக்கறையும் உள்ளவர்களாக, சமரசத்தாலும் ஆலோசனையாலும் சச்சரவைத் தீர்த்துவைக்கும் அனுபவமும் தேர்ச்சியும் பெற்றவர்களாகப் பார்த்து எடுக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. மாநில அரசு உயர் நீதிமன்றத்தின் இசைவோடு இந்த நியமனத்தைச் செய்ய வேண்டும். சட்டம் வந்து நாற்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. ஒரு நீதிபதிக்கு அந்த அக்கறையும் தேர்ச்சியும் இருக்கின்றனவா என்று யார், எப்போது, எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்டால் பொதுவெளியில் பதில் இல்லை. குடும்பங்களும் குழந்தைகளும் வந்து நிற்கும் நீதிமன்றங்களுக்கு நாம் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஒதுக்குகிறோம். சட்டம் கேட்ட அந்தத் தேர்வை நடத்தாதவரை அவை பெயரளவில் மட்டுமே தனி நீதிமன்றங்கள்.

நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் கீழ்நிலை நீதிபதியாக நுழைபவர் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் உரிமையியல் நீதிபதி தேர்வை எழுதுகிறார். ஒரு மொழிபெயர்ப்புத் தாள், மூன்று சட்டத் தாள்கள், ஒரு நேர்முகத் தேர்வு. மாவட்ட நீதிபதி நிலைக்குப் பதவி உயர்வு, துறைக்குள் நடக்கும் போட்டித் தேர்வு, வழக்கறிஞர்களிலிருந்து நேரடி நியமனம் என்று மூன்று வழிகள் உண்டு. இந்த வழிகள் எதிலும் குழந்தையின் மன வளர்ச்சி பற்றியோ, உடைந்த குடும்பத்தோடு பேசும் முறை பற்றியோ ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொண்டாலும் அது போகிற போக்கில் வரும் கேள்விதான். பிறகு ஆண்டுதோறும் கோடை விடுமுறையை ஒட்டி உயர் நீதிமன்றம் பணியிட மாற்றப் பட்டியலை வெளியிடுகிறது. நேற்றுவரை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டையும் நிலத் தகராறையும் கொலை வழக்கையும் விசாரித்தவர் குடும்ப நல நீதிமன்றத்துக்கு வருகிறார். அங்கே வேலை பிடிபட்டு, எந்தத் தம்பதியிடம் எப்போது அழுத்திப் பேசலாம், எப்போது விட்டுவிட வேண்டும் என்ற நுணுக்கம் கைவரும் நேரத்தில் அடுத்த பட்டியல் வந்துவிடுகிறது. அந்த நீதிபதியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவரை யாரும் கேட்கவில்லை, அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

குடும்ப நல நீதிமன்றம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால், நபரைத் தேர்ந்தெடுப்பதுதான் அதன் அடிப்படை என்பது விளங்கும். 1953இல் சீனா சென்று அங்கே குடும்ப நீதிமன்றங்கள் இயங்கும் விதத்தைப் பார்த்துவந்த துர்காபாய் தேஷ்முக், நம் நாட்டிலும் அவற்றை அமைக்க வேண்டும் என்று நேருவிடம் வலியுறுத்தினார். 1974இல் சட்ட ஆணையம் தன் 59ஆவது அறிக்கையில், குடும்பத் தகராறுகளைச் சாதாரண உரிமையியல் வழக்குகளைப் போல நடத்தக் கூடாது, அணுகுமுறையே அடியோடு மாற வேண்டும் என்றது. அதையொட்டி 1976இல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் குடும்ப வழக்குகளுக்கென்றே தனி நடைமுறை சேர்க்கப்பட்டது. என்ன நடந்தது? நீதிமன்றங்கள் அதை அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை, பழைய எதிரெதிர் வழக்காடும் பாணியே தொடர்ந்தது. இதைச் சொல்வது வெளியிலிருந்து குற்றம் சாட்டும் யாரோ அல்ல; 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கவுரையே இதை ஒப்புக்கொள்கிறது. நடைமுறையை மட்டும் மாற்றி, நாற்காலியில் இருப்பவர் அதே பயிற்சியோடும் அதே பழக்கத்தோடும் இருந்தால் ஒன்றும் மாறாது என்பதை நாடு ஒரு முறை பார்த்துவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 4ஆவது பிரிவில் நீதிபதியின் இயல்பைப் பற்றிய அந்த வரிகள் எழுதப்பட்டன. இன்று அந்த வரிகளைச் செயல்படுத்தாமல் விட்டதன் மூலம் 1976இல் செய்த தவறையே பெரிய அளவில் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த நீதிபதியிடம் சட்டம் ஒப்படைக்கும் வேலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். சமரசத்துக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று அவரே முதலில் முயன்று பார்க்க வேண்டும். வழக்காடுபவர் வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கோர முடியாது என்று சட்டம் சொல்வதால், படிப்பறிவு குறைந்த ஒரு பெண் நேரடியாகப் பேசும்போது அவர் சொல்வதிலிருந்து சட்டத்துக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்கும் பொறுப்பும் நீதிபதியுடையது. சாட்சியச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டிருக்கின்றன. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது அவர் மதிப்பீட்டுக்கு விடப்பட்டிருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு விசாரிக்கலாம். சாதாரண நீதிமன்றத்தில் நீதிபதியின் குறைகளை ஈடுகட்டுபவை இருபுறத்து வக்கீல்கள், கறாரான விதிகள், திறந்த மன்றத்தின் பார்வை ஆகிய மூன்றும்தான். குடும்ப நல நீதிமன்றத்தில் இம்மூன்றையும் சட்டமே வேண்டுமென்று தளர்த்தியிருக்கிறது. ஆகவே எஞ்சுவது நீதிபதியின் தனிமனிதத் தரம்தான். அதைச் சோதிக்காமல் அந்த அதிகாரத்தை மட்டும் கொடுப்பது ஆபத்தானது.

குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில் இந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியும். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், தன் விருப்பத்தை அறிந்து சொல்லக்கூடிய வயதுள்ள குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதிப் பார்க்கலாம் என்கிறது. அதனால் நீதிபதி தன் அறைக்குக் குழந்தையை அழைத்துப் பேசுகிறார். ஏழு வயதுப் பையன், முன்பின் தெரியாத பெரியவர், வெளியே தவிப்போடு அம்மாவும் அப்பாவும். 'உனக்கு யாரைப் பிடிக்கும்?' என்று நேராகக் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் யார் கடைசியாக அவனைக் கூட்டிவந்தார்களோ அவர்கள் சொல்லிக்கொடுத்த பதில். பள்ளிக்கூடம், சாப்பாடு, இரவில் யார் பக்கத்தில் படுப்பது என்று சுற்றிவந்து பேசத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் பதில் வேறு. அந்த ஒரு பேச்சில் ஒரு பிள்ளையின் அடுத்த பத்தாண்டு தீர்மானமாகிறது. அப்படிப் பேசும் திறமை சட்டப் புத்தகத்திலிருந்து வருவதில்லை, இயல்பிலிருந்தும் பயிற்சியிலிருந்தும் வருகிறது.

உச்ச நீதிமன்றமே இந்த விஷயத்தில் தன் முடிவைத் திருத்திக்கொண்டதை அண்மையில் பார்த்தோம். கேரளத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில் சிறுவன் தாயிடம் இருக்கட்டும் என்றது குடும்ப நல நீதிமன்றம். உயர் நீதிமன்றம் அதை மாற்றித் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னது. 2024இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதற்குப் பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, பிரிவை நினைத்தே அந்தச் சிறுவன் கடும் பதற்றத்துக்கு ஆளாகியிருப்பதை அறிக்கைகளில் பதிவுசெய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுசீராய்வு மனுவை ஏற்றுச் சிறுவனைத் தாயிடமே விட்டது. தவறைத் திருத்திக்கொண்ட நீதிமன்றத்தை மதிக்கிறேன். ஆனால் எத்தனை குழந்தைகளின் வழக்கு தில்லிவரை போகும்? 2022இல் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தந்த கணக்குப்படி 715 குடும்ப நல நீதிமன்றங்களில் 11 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகள் தேங்கிக் கிடந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு முதல் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு. ஆகவே முதல் நீதிபதி யார் என்பதுதான் முக்கியம். ஜீவனாம்சமும் அப்படியே. 2002இல் ஒரு பெண் போட்ட மனுவைக் குடும்ப நல நீதிமன்றம் 2011இல்தான் தீர்த்தது என்பதைக் கண்டு 2014இல் உச்ச நீதிமன்றம் வேதனைப்பட்டது. வாய்தா கேட்டவர்களுக்கெல்லாம் வாய்தா கொடுத்துக்கொண்டே போகும் பழக்கம் சொத்து வழக்கில் எரிச்சலூட்டும். கையில் குழந்தையோடு பிறந்த வீட்டில் ஒண்டியிருப்பவரின் வழக்கில் அது பட்டினி.

சிறார்களின் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் கவலைக்குரியது. ஏனென்றால் அங்கே சட்டமே பின்னோக்கி நடந்திருக்கிறது. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றுவதில் இந்தியாவிலேயே முந்திக்கொண்டது சென்னை மாகாணம். அந்தச் சட்டம் 1920இல் வந்தது. நாடு முழுமைக்குமான 1986ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தை உளவியலிலும் குழந்தை நலனிலும் தனி அறிவு உள்ளவரையே நடுவராக நியமிக்க வேண்டும் என்றது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அழுத்தமாக, குழந்தை உளவியலிலோ குழந்தை நலனிலோ தனி அறிவோ பயிற்சியோ இல்லாத எந்த நடுவரும், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் இடம்பெறக் கூடாது என்றது. 2012 தில்லி பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு எழுந்த கொந்தளிப்பில் பிறந்த 2015ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். குழுமத்தின் முதன்மை நடுவருக்கு அது கேட்பது மூன்றாண்டுப் பணி அனுபவம். உளவியல் அறிவு வேண்டும் என்ற நிபந்தனை மறைந்துவிட்டது. அந்த நேரத்தில் பதினாறு வயதா பதினெட்டு வயதா என்று நாடே சண்டை போட்டதில், இந்த ஒரு வரி காணாமல் போனதைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே.

இதைவிடப் பெரிய முரண்பாடு, அந்த நிபந்தனையை நீக்கிய அதே சட்டம்தான் நடுவரிடம் இதுவரை இல்லாத அளவுக்கு உளவியல் தீர்ப்பைக் கேட்கிறது என்பது. கொடுங்குற்றம் சாட்டப்பட்டவர் 16 வயது நிரம்பிய சிறார் என்றால், அவருக்கு அதைச் செய்யும் மன, உடல் ஆற்றல் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்பதையெல்லாம் குழுமம் மூன்று மாதத்துக்குள் மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீட்டைப் பொறுத்துத்தான் அவரைச் சிறாராக நடத்துவதா, பெரியவரைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்பது முடிவாகும். உளவியலாளரின் உதவியைப் பெறலாம் என்று சட்டம் விட்டிருந்த இடத்தில், 2017இல் குருகிராம் பள்ளியில் நடந்த கொலை தொடர்பான வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்துத் தொழில்செய்யும் உறுப்பினர் இல்லை என்றால், நிபுணரின் உதவியைப் பெறுவது கட்டாயம் என்று அது தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் நிபுணர் அறிக்கையை வாசித்து, அதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துப் பார்க்கும் கண் நடுவருக்கு வேண்டாமா? அது இல்லாதவர் அறிக்கையை அப்படியே ஒப்புக்கொள்வார், இல்லையென்றால் ஓரமாக வைத்துவிடுவார். இரண்டிலும் முடிவெடுத்தது அவராக இருக்காது.

குழுமத்தின் மற்ற இரு இடங்கள் சமூகப் பணியாளர்களுக்கு; இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலன் சார்ந்த பணியில் ஏழாண்டு ஈடுபட்டவரோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில்செய்பவரோதான் வர முடியும். இவர்களைத் தேர்ந்தெடுக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு வேண்டும் என்று மாதிரி விதிகள் சொல்கின்றன. ஆக, பக்கத்தில் உட்காரும் இருவருக்குச் சட்டம் தேர்வுக் குழு வைக்கிறது. நடுவில் உட்காரும் முதன்மை நடுவருக்கு வைக்கவில்லை. அந்த இரு இடங்களையாவது ஒழுங்காக நிரப்புகிறோமா என்றால் அதுவும் இல்லை. 2018இல் சம்பூர்ணா பெஹுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் காலியிடங்களை நிரப்பச் சொல்லி, உயர் நீதிமன்றங்கள் தாமாக முன்வந்து கண்காணிக்கவும் கேட்டுக்கொண்டது. அதற்குப் பிறகும், இந்திய நீதி அறிக்கைக் குழு 2025இல் வெளியிட்ட ஆய்வு நான்கில் ஒரு குழுமத்துக்கு முழு அமர்வு இல்லை என்று காட்டியது. 2023 அக்டோபர் நிலவரப்படி 362 குழுமங்களின் வழக்குகளில் 55 விழுக்காடு முடியாமல் நின்றன. பல மாவட்டங்களில் முதன்மை நடுவருக்கே குழுமம் கூடுதல் பொறுப்பு. தன் வழக்கமான நீதிமன்றத்தில் கட்டுக்கட்டாகக் கோப்பு காத்திருக்க, வாரத்தில் ஓரிரு நாள் வந்துபோகிறவர் அந்தப் பிள்ளையின் பின்னணியை எப்போது படிப்பார்?

குழுமம் உயர்ந்த மேடையில் உட்காரக் கூடாது, சாட்சிக் கூண்டு இருக்கக் கூடாது, விசாரணைக் காலத்தில் சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்ல வளாகத்திலோ அதற்கு அருகிலோ அமர வேண்டும் என்றெல்லாம் விதிகள் பார்த்துப் பார்த்துச் சொல்கின்றன. சென்னையில் கெல்லீஸில் அப்படித்தான் அமர்கிறது. மேடையை எடுத்துவிடலாம், மேடையில் உட்கார்ந்து பழகிய பார்வையை அவ்வளவு எளிதில் எடுத்துவிட முடியாது. பிணை தருவதில்தான் இந்தப் பார்வை முதலில் வெளிப்படும். பிணையில் விடத்தக்க குற்றமா இல்லையா என்பதைப் பாராமல் சிறாரைப் பிணையில் விடுவதே விதி என்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு. விட்டால் குற்றவாளிகளோடு சேர நேரும், அவருக்கே ஆபத்து, அல்லது நீதியின் நோக்கம் குலையும் என்று தோன்றினால்தான் மறுக்கலாம். பெரியவர்களின் குற்ற வழக்குகளில் காவலில் வைப்பதைப் பழகியவருக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரியும். 2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில், திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் இறந்துபோனான். அடித்ததாக இல்ல ஊழியர்கள் கைதானார்கள். அந்தக் கொடுமைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அங்கே இருந்தவர்கள். ஆனால் இல்லத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு உத்தரவும் எப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு பிள்ளையை அனுப்புகிறது என்பதை அந்தச் சாவு எல்லோருக்கும் காட்டிவிட்டது. இல்லத்தின் உள்ளே போய்ப் பார்த்தவர், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வரிவரியாக வாசிப்பவர், வேறு வழி என்ன இருக்கிறது என்று தேடுபவர் அந்த இடத்தில் வேண்டும்.

நியமனமான 60 நாளுக்குள் முதன்மை நடுவர் உள்பட எல்லா உறுப்பினர்களுக்கும் பயிற்சி தரச் சட்டம் சொல்கிறதே என்று கேட்கலாம். சொல்கிறது. தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமி சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இயங்குகிறது. பயிற்சி தருவதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த 60 நாளில் அவர் எத்தனை பிள்ளைகளின் பிணை மனுவைப் பார்த்திருப்பார்? பயிற்சி முதல் அமர்வுக்கு முன்னால் முடிய வேண்டியது. அதோடு, பயிற்சி என்பது ஏற்ற இயல்புள்ளவரைக் கூர்தீட்டும். பொறுமையே இல்லாதவரை இரண்டு நாள் வகுப்பு பொறுமைசாலியாக்காது. ஆகவே தேர்வுக்குப் பதிலாகப் பயிற்சியை வைக்க முடியாது.

நீதிபதி என்றால் எல்லா வழக்கையும் விசாரிக்கத் தெரிந்தவர்தான், சட்டம் தெரிந்தால் போதும் என்ற எதிர்வாதம் நம் நீதித்துறையில் ஆழமாக வேரூன்றியது. அதில் நியாயமும் உண்டு. பலவகை வழக்குகளைப் பார்த்தவருக்கு ஒரு விசாலம் வரும். ஒரே வகை வழக்கில் மூழ்கியவர் கணவர்கள் எல்லோரும் இப்படித்தான், மனைவிகள் எல்லோரும் இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடும் அபாயம் உண்டு. ஆனால் உலகில் பல நாடுகள் இந்த வாதத்தைத் தாண்டி வந்துவிட்டன. ஆஸ்திரேலியாவின் 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம், பயிற்சி, அனுபவம், ஆளுமை ஆகியவற்றால் குடும்ப வழக்குகளுக்கு ஏற்றவராக இருந்தால்தான் நீதிபதியாக நியமிக்கலாம் என்றது. ஆளுமை என்ற சொல்லைச் சட்டத்தில் எழுத அவர்கள் தயங்கவில்லை. ஜெர்மனியில் சிறார் நீதிமன்ற நீதிபதி கல்விபுகட்டும் திறனும் இளையோரை வளர்த்த அனுபவமும் உடையவராக இருக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. 2022 ஜனவரி முதல் குடும்ப நீதிபதிகளுக்கும் குழந்தைகள் தொடர்பான சட்டத்திலும் வளர்ச்சி உளவியலிலும் குழந்தைகளோடு உரையாடுவதிலும் அறிவு இருப்பதற்குச் சான்று கேட்கிறார்கள். அது இன்னும் இல்லையென்றால் விரைவில் பெற்றுவிடுவார் என்ற நிலையாவது இருக்க வேண்டும். பணியில் சேர்ந்த முதலாண்டில் இருப்பவர் குடும்ப வழக்கை விசாரிக்கவே கூடாது. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் குடும்ப நீதிமன்றங்கள் கோட்டைவிட்டது வெளியே வந்த பிறகு கொண்டுவந்த மாற்றம் இது. நம் சட்டமோ அவர்களுக்கு முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. சொல்லிவிட்டு மறந்தது.

தனித் தேர்வு வைத்துப் பார்த்த மாநிலமும் நம்மிடம் இருக்கிறது. அங்கிருந்து வரும் பாடம் கசப்பானது. மகாராஷ்டிரம் குடும்ப நல நீதிபதிகளைத் தனியாகவே தேர்ந்தெடுத்து நியமித்தது. சட்டத்தின் நோக்கத்துக்கு மிக நெருங்கிய முயற்சி அது. ஆனால் அப்படி வந்தவர்கள் தங்களையும் உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்குக் கருத வேண்டும் என்று கேட்டபோது, எஸ்.டி. ஜோஷி வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர்கள் மாநில நீதித்துறைப் பணியைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்றது. அதாவது குடும்ப வழக்குகளுக்காகவே வாழ்க்கையைக் கொடுத்தவருக்கு மேலே போகக் கதவு இல்லை. திறமையும் ஆசையும் உள்ள இளம் வக்கீல் ஒருவர் இதைப் பார்த்த பிறகு அந்தப் பதவிக்கு ஏன் விண்ணப்பிப்பார்? தனிப் பிரிவை உருவாக்கி அதைச் சுவர் எழுப்பி அடைத்தால், குடும்ப நல நீதிமன்றம் நீதித்துறையின் கொல்லைப்புறமாகிவிடும். இந்தக் காரணத்தால்தான் வழக்கமான நீதித்துறைப் பணிக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கும் முறை வேண்டும் என்கிறேன். மாவட்ட நீதிபதிகளில் விருப்பமும் ஏற்ற இயல்பும் உள்ளவர்களைக் கண்டு, ஐந்தாண்டு அங்கே வைத்திருந்து, அந்த ஐந்தாண்டுகள் பதவி உயர்வில் அவர்களுக்கு இழப்பாகாமல் பெருமையாக எண்ணப்படும்படி செய்ய வேண்டும்.

நீண்ட காலம் ஒரே இடத்தில் ஒருவரை வைத்தால் அவர் சிற்றரசராகிவிடுவார் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லுசெர்ன் மாவட்டத்தில் நடந்தது உலகறிந்தது. அங்கே தேர்தலில் வென்று பத்தாண்டுக்கும் மேல் சிறார் நீதிமன்றத்தை நடத்திய மார்க் சியாவரெல்லா, தனியார் சிறார் காவல் இல்லங்களோடு தொடர்புடையவர்களிடம் சக நீதிபதியோடு சேர்ந்து பணம் வாங்கினார்; அற்பக் குற்றங்களுக்கும் பிள்ளைகளை அந்த இல்லங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 2009இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் தந்த தண்டனைகளைப் பெருமளவில் ரத்துசெய்தது. 2011இல் அவருக்கு 28 ஆண்டுச் சிறை கிடைத்தது. ஆனால் அத்தனை ஆண்டுகள் அது நடந்ததற்குக் காரணம் என்ன? பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வக்கீல் இல்லை, விசாரணைகள் சில நிமிடங்களில் முடிந்தன, பார்த்துக்கொண்டிருந்த அரசு வழக்கறிஞர்களும் நன்னடத்தை அலுவலர்களும் வாய் திறக்கவில்லை. அவரை மூன்றாண்டில் மாற்றியிருந்தால் குறைவான பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருப்பார்கள், அவ்வளவுதான். தேவை கண்காணிப்பு: ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவச வக்கீல், காவல் உத்தரவுகளை ஆண்டுதோறும் உயர் நீதிமன்றம் எடுத்துப் பார்க்கும் ஏற்பாடு, தேக்கமும் தாமதமும் வெளியில் தெரியும் வசதி. ஐந்தாண்டு வரம்பும் இந்த அச்சத்தை மனத்தில் வைத்துத்தான். நாள்தோறும் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நீதிபதியின் மனமும் மரத்துப்போகும். அதற்குமேல் அவரை அங்கே வைத்திருப்பது அவருக்கும் நல்லதல்ல.

காலியிடத்தை நிரப்பவே ஆள் இல்லாதபோது தரம் பார்த்து எடுக்க முடியுமா என்பது நிர்வாகிகள் சொல்லும் பதில். எப்படியும் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கத்தான் போகிறார்கள். அந்த ஒருவர் விருப்பத்தோடு வந்தவராக இருப்பதற்குக் கூடுதலாக ஒரு பணியிடமும் தேவையில்லை. அரசு தலையிட்டு நீதித்துறையின் சுதந்திரத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கும் இங்கே இடமில்லை. பணியிட ஒதுக்கீடு அரசியல் சட்டத்தின் 235ஆவது பிரிவின்படி இப்போதே உயர் நீதிமன்றத்தின் கையில்தான் இருக்கிறது. அளவுகோலை எழுதிவைத்துக்கொள் என்பதுதான் கோரிக்கை, அதிகாரத்தை விட்டுக்கொடு என்பதல்ல.

அளவுகோலை எழுதும்போது 4ஆவது பிரிவின் ஒரு பாதியை மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். திருமணம் என்ற அமைப்பைக் காப்பதில் பற்றுள்ளவர் என்பதை நீதிபதியின் தகுதியாக வைத்தது பிழை. அடிவாங்கி வந்து நிற்கும் பெண்ணின் முன்னால், வழக்கைக் கேட்பதற்கு முன்பே சேர்த்துவைக்கும் தீர்மானத்தோடு ஒருவர் உட்கார்ந்திருக்கக் கூடாது. 'பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்ளம்மா' என்று ஊரும் உறவும் சொல்லிச் சலித்த பிறகுதான் அவர் நீதிமன்றப் படியேறியிருக்கிறார். ஃபிளேவியா ஆக்னஸ் போன்ற வழக்கறிஞர்கள் நெடுங்காலமாக இதைச் சுட்டிக்காட்டிவருகிறார்கள். 2022இல் இமாச்சலப் பிரதேசம், நாகாலாந்து மாநிலங்களின் குடும்ப நல நீதிமன்றங்களுக்குச் சட்ட அடித்தளம் தரவேண்டி நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது; 4ஆவது பிரிவைத் தொடவில்லை. அந்தத் தொடரை எடுத்துவிட்டுக் குழந்தையின் நலன், பெண்ணின் பாதுகாப்பு, இரு தரப்புக்கும் சமமான செவி என்று எழுதலாம். பெண்களுக்கு முன்னுரிமை தொடர வேண்டும். ஆனால் பெண் என்பதாலேயே ஒருவர் இந்த வேலைக்கு ஏற்றவர் என்று நினைத்துத் தேர்வை அங்கேயே முடித்துக்கொள்வது பெண் நீதிபதிகளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. குடும்பம், குழந்தை என்றாலே பெண்ணின் வேலை என்ற பழைய கணக்குதான் அது.

சட்டத் திருத்தத்துக்குத் தில்லி மனம் வைக்க வேண்டும். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதன்மை நடுவருக்கான உளவியல் நிபந்தனையைத் திரும்பச் சேர்ப்பதும் நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால் மற்றவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் தன் முழு அமர்வின் தீர்மானத்தாலேயே செய்யலாம். அடுத்த பணியிட மாற்றப் பட்டியலுக்கு ஆறு மாதம் முன்னதாக, குடும்ப நல நீதிமன்றத்துக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கும் குழந்தைகள் நீதிமன்றத்துக்கும் வர விரும்பும் நீதிபதிகளிடம் விண்ணப்பம் கேட்கலாம். ஏன் வர விரும்புகிறார், இதுவரை சமரச மையத்தில் என்ன செய்திருக்கிறார், குழந்தை சாட்சியை எப்படி விசாரித்திருக்கிறார் என்பதற்கு அவர் எழுதிய பதிலையும் அவர் தந்த தீர்ப்புகளையும் சேர்த்து, இரு உயர் நீதிமன்ற நீதிபதிகளும் ஒரு குழந்தை மனநல மருத்துவரும் ஓர் அனுபவமிக்க சமூகப் பணியாளரும் அமர்ந்து பார்க்கலாம். முடிவு நீதிபதிகளுடையதாகவே இருக்கட்டும். தேர்வானவர் அகாடமியில் ஒரு மாதம் படித்து, கூர்நோக்கு இல்லத்தையும் குழந்தைகள் நலக் குழுவையும் நேரில் பார்த்து, இப்போது அந்த நீதிமன்றத்தை நடத்துபவரின் பக்கத்தில் சில வாரங்கள் உட்கார்ந்த பிறகு பொறுப்பேற்கட்டும். யாரும் விண்ணப்பிக்காத மாவட்டம் இருக்கத்தான் செய்யும். அங்கே பழைய முறைப்படியே ஒருவரை அனுப்பலாம், ஆனால் எந்த மாவட்டத்தில் தேர்வு நடந்தது, எதில் நடக்கவில்லை என்பதை உயர் நீதிமன்றம் தன் இணையதளத்தில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.